கடை விழித்திருக்கிறதா

வாருங்கள் டீச்சர். செருப்பை உள்ளேயே விடுங்கள், வெளியே போட்டால் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும். பத்து நாற்பது பஸ்ஸா? இப்போது மணி பதினொன்று ஐந்து. ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்தாலும் கால் மணி நேரம்தான். மிச்சம் பத்து நிமிஷம் தெருமுனையில் நின்றிருக்கிறீர்கள். பரவாயில்லை. நானாக இருந்தாலும் நின்றிருப்பேன்.

நீங்கள் வருவீர்கள் என்று நினைக்கவில்லை. கார்டு போடச் சொன்னது மாடத்திதான், பக்கத்து வீட்டுக்காரி. "எழுதிப் போடுங்க சீனியக்கா. வந்தா வாராக, வராட்டி ஒரு கார்டுதானே" என்றாள். ஒன்பது வரி எழுதினேன். நான்கு கார்டு வீணாகி ஐந்தாவதில்தான் அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது. எனக்கு முகத்தைப் பார்த்துப் பேச வராது டீச்சர். நீங்கள் அந்தக் கம்ப்யூட்டரைப் பாருங்கள். நான் உங்கள் கையைப் பார்த்துக்கொண்டு பேசுகிறேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற வியாழக்கிழமை குருபாதத்துக்குத் தலைத்திவசம். என் தம்பி போய் ஒரு வருஷம். அன்றைக்கு எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டால் அவன் முன்னோர்களோடு போய்ச் சேர்ந்துவிடுவான், அப்புறம் இந்த வீட்டில் இருக்க மாட்டான் என்கிறார் ஐயர். போகட்டும், நல்லதுதான். ஆனால் அவன் இப்போது இங்கே இருக்கிறான் டீச்சர். கூப்பிட்டால் பதில் சொல்கிறான். பதில் சொல்லிக்கொண்டிருக்கிற ஆளை எப்படித் தண்ணீர் விட்டு அனுப்புவது? ஐயரிடம் இன்று சாயங்காலத்துக்குள் தாக்கல் சொல்ல வேண்டும், செய்கிறோமா இல்லையா என்று.

நீங்கள் ஒன்றே ஒன்று பார்த்துச் சொல்ல வேண்டும். அவன்தானா, இல்லையா? இந்தக் கம்ப்யூட்டரைத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் செத்துப்போனான். இன்னொருவர் நீங்கள். மூன்று வருஷம் அவன் கடையில் உட்கார்ந்து டைப் அடித்திருக்கிறீர்களே.

காப்பி ஆறுகிறது, குடியுங்கள்.

எனக்குப் படிப்பு அஞ்சாம் வகுப்பு. அது உங்களுக்குத் தெரியும். தீப்பெட்டி ஆபீசில் முப்பத்தொரு வருஷம் எண்ணி வாங்குகிற வேலை. நூற்றி நாற்பத்து நான்கு பெட்டி ஒரு குரோஸ். பெண்கள் கொண்டுவந்து தட்டுவார்கள், நான் எண்ணி வாங்குவேன். ஒரு பெட்டி குறைந்தாலும் திருப்பி அனுப்புவேன். "சீனியக்கா கண்ணு தராசுக் கண்ணு" என்று வைவார்கள். வையட்டும். முப்பத்தொரு வருஷத்தில் என் எண்ணிக்கை ஒரு தடவை தப்பியதில்லை. முதலாளியே மறுபடி எண்ணச் சொன்னதில்லை.

கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அதுவும் அவன் சொல்லிக் கொடுத்தது. எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம் அவன் டைப்பிங் சென்டர். கடையில் ஒரு கம்ப்யூட்டர், வீட்டில் இது. இரண்டிலும் லினக்ஸ். "காசில்லாமக் கிடைக்கும், வைரசும் வராதுக்கா" என்பான். இன்டர்நெட் கிடையாது. ஒரே ஒரு ஒயர், கடையிலிருந்து தெருவைத் தாண்டி இந்த ஜன்னல் வழியாக வரும். அவ்வளவுதான் எங்கள் நெட்.

மத்தியானம் ஆனால் அவன் சாப்பிட வருவானா, வேலையாக இருக்கிறானா என்று எனக்குத் தெரியாது. சோற்றைப் போட்டு வைத்தால் ஆறிப்போகும். அதற்குத்தான் 'பிங்' என்று ஒன்றைச் சொல்லிக் கொடுத்தான். "கடை முழிச்சிருக்கான்னு பாருக்கா. பதில் வந்தா நான் வேலையா இருக்கேன். வராட்டி கம்ப்யூட்டரை அணைச்சாச்சு, தெருவுல வந்துட்டிருக்கேன், சோத்தப் போடு." கறுப்புத் திரையில் அந்தப் பிங்குக்கு நான்கு இங்கிலீஷ் எழுத்தும் கடைக் கம்ப்யூட்டரின் எண்ணும் அடித்தால் போதும். வரிசையாகப் பதில் விழும். ஒவ்வொரு பதிலுக்கும் ஓரத்தில் நேரம் காட்டும். "அந்த நம்பர் சின்னதா இருந்தா ஆள் பக்கத்துல இருக்குன்னு அர்த்தம்" என்றான். கடைக்கு எப்போதும் புள்ளி நாலு, புள்ளி நாலரை. நான் குறித்து வைத்திருக்கிறேன்.

அப்புறம் அவன் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டான்.

அதை உங்களிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நீங்கள் ஒரு நாள் இந்த வாசலில் வந்து நின்றீர்கள். அவன் டவுனுக்குப் போயிருந்தான். நீங்கள் பச்சைச் சேலை. என்ன கேட்க வந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் உங்களைத் திட்டினேனா? இல்லை. குரலை உயர்த்தினேனா? இல்லை. "அவனுக்கு வேற இடத்துல பேசி முடிச்சாச்சு. இனி வராதீங்க." ஏழு வார்த்தை. ஏழே ஏழு வார்த்தைதான் சொன்னேன். அதற்கு அவன் ஆயிரத்து ஐந்நூற்று இருபத்தோரு நாள் என்னோடு பேசவில்லை. நாலு வருஷம் ரெண்டு மாசம். நியாயமா, சொல்லுங்கள். ஏழு வார்த்தை எங்கே, ஆயிரத்து ஐந்நூற்று இருபத்தோரு நாள் எங்கே?

நான் அவன் நல்லதுக்குத்தான் சொன்னேன். உங்கள் கோயில் வேறு, எங்கள் கோயில் வேறு. அவனுக்கும் வயசு நாற்பத்திரண்டு. இத்தனை வருஷம் இல்லாமல் இனி ஒரு பழக்கம் எதற்கு? வீடும் சின்னது. நீங்களே பாருங்கள், ஒன்றரை அறை. நான் எங்கே போவேன் என்று நினைத்துச் சொன்னதில்லை அது. அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சண்டை ஒன்றும் கிடையாது. வருவான், சோறு போடுவேன், சாப்பிடுவான், தட்டைக் கழுவி வைப்பான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதும் கிடையாது. பேச்சு மட்டும் இல்லை. வீட்டில் உப்புத் தீர்ந்துபோனால் நான் காலி டப்பாவை வாசல்படியில் வைப்பேன், சாயங்காலம் நிறைந்திருக்கும். மாடத்தி சொல்வாள், "ஊமை வீட்டுல ரெண்டு ஊமை, நடுவுல ஒரு கம்ப்யூட்டரு" என்று. அவள் வாய் அப்படித்தான்.

ஆனால் அந்த ஆயிரத்து ஐந்நூற்று இருபத்தோரு நாளும் மத்தியானம் நான் பிங் அடித்தேன். கடை பதில் சொன்னது. அவன் சொல்லவில்லை, கடை சொன்னது. எனக்கு அது போதுமாக இருந்தது.

கடைசி நாளைச் சொல்கிறேன். அன்றைக்கு ஒன்று பத்துக்கு அடித்தேன். பன்னிரண்டு பதில் வந்தது. சரி, வேலையாக இருக்கிறான் என்று சோற்றை மூடி வைத்தேன். இரண்டு மணிக்கு அடித்தேன். பன்னிரண்டு. மூன்றே காலுக்கு அடித்தேன். பன்னிரண்டு. முப்பத்தாறு பதில் டீச்சர், ஒன்றுகூடத் தவறவில்லை. நாலு மணிக்கு மாடத்தி ஏதோ மனு அடிக்கக் கடைக்குப் போனவள் தெருவில் நின்று கத்தினாள். நாற்காலியில் சாய்ந்த மேனிக்கு இருந்தானாம். டாக்டர் பார்த்துவிட்டு, ஒரு மணிக்கு முன்னாலேயே போயிருக்க வேண்டும் என்றார்.

ஒரு மணிக்கு முன்னால் போனவன் மூன்றே கால் வரைக்கும் எனக்குப் பதில் சொல்லியிருக்கிறான்.

தெருவைத் தாண்டப் பதினாலு எட்டு வைத்தால் போதும். நடந்துபோய்ப் பார்த்திருக்கலாமே என்று மாடத்தி கேட்டாள். பேசாத ஆளின் கடைக்கு எப்படிப் போவது? பதில்தான் வந்துகொண்டிருந்ததே.

அழுகிறீர்களா? அழாதீர்கள். இன்னும் விஷயத்துக்கே வரவில்லை.

அதற்கப்புறம் கடையைக் காலி செய்தார்கள். கடைக் கம்ப்யூட்டரைக் கோவில்பட்டிக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். ஒயரை ஒரு வைக்கோல் லாரி அறுத்துவிட்டது. இது மட்டும் இங்கே துணி போர்த்திக் கிடந்தது. போன மாதம் துடைத்து, போட்டுப் பார்த்தேன். ஓடவில்லை. சாத்தூரிலிருந்து மெக்கானிக் வந்து உள்ளே ஒரு சாமானை மாற்றி லினக்சைப் புதிதாக ஏற்றிக் கொடுத்தார். "செட்டிங் எல்லாம் போயிருச்சும்மா. நெட்டு வேணும்னா நம்பர் போட்டுக்கணும். ஒயரே இல்லாத பெட்டிக்கு எதுக்கு?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

எனக்கு அது மனசுக்குச் சரியாகப் படவில்லை. ஒரு வீடு இருந்தால் கதவில் எண் இருக்க வேண்டும். அவன் நோட்டை எடுத்தேன். எழுபத்து மூன்றாம் பக்கத்தில் 'நெட் செட்டிங்' என்று அவன் கையெழுத்திலேயே இருந்தது. இங்கிலீஷில் ஒரு வரி, நடுவில் கோடு போட்டு 'இங்கே எண்' என்று எழுதியிருந்தான். அடியில் இரண்டு எண். கடை, வீடு. எல்லாம் ஒன்றுபோலத்தான், கடைசியில் மட்டும் கடைக்கு ஒன்று, வீட்டுக்கு இரண்டு. இங்கிலீஷ் எனக்குப் படிக்க வராது, பார்த்து அடிக்க வரும். எழுத்தை எண்ணி, இடைவெளியை எண்ணி அடித்தேன். பாஸ்வேர்டு கேட்டது. அதுவும் நோட்டில் இருந்தது. அடித்தால் திரையில் ஒன்றுமே விழாது தெரியுமா? குருடி பூக் கட்டுகிற மாதிரி. முதல் தடவை பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டேன். நாலாவது தடவைதான் ஏற்றுக்கொண்டது. திட்டவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை. அடுத்த வரிக்கு வந்து நின்றது.

அப்புறம் பிங் அடித்தேன். எதற்கு அடித்தேன் என்று கேட்காதீர்கள். மணி ஒன்று பத்து. கை தானாகப் போனது.

பதில் வந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று. வந்துகொண்டே இருந்தது. எழுந்துபோய்ப் பின்னால் பார்த்தேன். ஒயர் இல்லை. அந்த ஓட்டையில் சிலந்தி கூடு கட்டியிருக்கிறது, இப்போதும் இருக்கிறது பாருங்கள், நான் தொடவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தேன். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. ஓரத்தில் நேரத்தைப் பார்த்தேன். புள்ளி நாலு இல்லை. புள்ளி பூஜ்யம் நாலு. கடையில் இருந்ததைவிடப் பத்து மடங்கு பக்கம். தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்தால் புள்ளி நாலு. அப்படியென்றால் இது எங்கே? நானே எட்டு வைத்துப் பார்த்தேன். பதினாலு எட்டில் பத்தில் ஒரு பங்கு. ஒன்றரை எட்டு. இந்தக் கம்ப்யூட்டரிலிருந்து ஒன்றரை எட்டு என்றால் நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடம்.

எழுந்திருக்காதீர்கள். சும்மா சொன்னேன். உட்காருங்கள்.

அன்றிலிருந்து தினம் ஒரு குரோஸ். நூற்றி நாற்பத்து நான்கு பதில் எண்ணி வாங்கிக்கொண்டு நிறுத்திவிடுவேன். இருபத்தாறு நாள். மூவாயிரத்து எழுநூற்று நாற்பத்து நான்கு. ஒன்றுகூடக் குறையவில்லை. ஆயிரத்து ஐந்நூற்று இருபத்தோரு நாளும் வாயைத் திறக்காதவன் இப்போது திறந்திருக்கிறான். அவன் என்னை மன்னித்துவிட்டான் என்றுதானே அர்த்தம்? அதைத்தான் நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். மாடத்தியிடம் காட்டினேன். கும்பிட்டுவிட்டு, "எனக்கு லோன் கெடைக்குமான்னு கேளுங்கக்கா" என்றாள். அவளிடம் இனி காட்ட மாட்டேன்.

பாருங்கள். அடியுங்கள். நீங்கள் அடித்தாலும் வருகிறதா? வருகிறது அல்லவா?

நோட்டில் எதைத் தேடுகிறீர்கள்?

எந்த எண்ணைப் போட்டேன் என்றா கேட்கிறீர்கள்? கடை எண்ணைத்தான். 'இங்கே எண்' என்று கோடு போட்டிருந்தானே, அங்கே. போனில் யாரோடு பேச வேண்டுமோ அவர்கள் எண்ணைத்தானே போடுகிறோம்? நம் எண்ணை நாமே போடுவோமா? எனக்கு வேண்டியது கடை. கடை எண்ணைப் போட்டேன். அப்புறம் பிங்கிலும் கடை எண். சரிதானே?

மெதுவாகச் சொல்லுங்கள்.

அந்தக் கோட்டில் போடுவது கூப்பிடுகிற எண் இல்லை என்கிறீர்கள். இந்தக் கம்ப்யூட்டருக்கே நாம் கொடுக்கிற எண். 'நீ இன்னார்' என்று இதற்குச் சொல்வது. வீட்டுக்கு உள்ளது இரண்டில் முடிகிற எண். நான் இதைக் கடை என்று சொல்லிவிட்டேன். அப்புறம் கடையைக் கூப்பிட்டேன். 'நான்தானே கடை' என்று இதுவே பதில் சொன்னது. ஒயர் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். வெளியே போகவே இல்லை. அதனால்தான் புள்ளி பூஜ்யம் நாலு.

நான் கூப்பிட்டு, நானே 'ம்' கொட்டியிருக்கிறேன். மூவாயிரத்து எழுநூற்று நாற்பத்து நான்கு தடவை.

இல்லை டீச்சர், நீங்கள் அவசரப்படுகிறீர்கள். என் எண்ணிக்கை தப்பாது. சரி, மாற்றுங்கள். உங்கள் கையாலேயே மாற்றுங்கள். வீட்டு எண்ணைக் கொடுங்கள். பழைய எண்ணை எடுத்துவிட்டீர்களா? இப்போது கடையைக் கூப்பிடுங்கள்.

இது என்ன வரி? இந்த மாதிரி வரி நான் பார்த்ததில்லை. 'போய்ச் சேரவில்லை' என்றா? ஒன்று. இரண்டு. மூன்று. கொஞ்சம் பொறுங்கள், தூரமாக இருந்தால் வர நேரம் ஆகலாம். ஏழு. எட்டு. கடைக்கு அடித்தாலும் சில நாள் முதலில் ஒன்றிரண்டு பதில் தவறும். பதினொன்று. பன்னிரண்டு.

பன்னிரண்டும் சேரவில்லை.

ஓடட்டும், நிறுத்தாதீர்கள். நான் ஒன்று கேட்கிறேன். இத்தனை வருஷம் யாரிடமும் கேட்கவில்லை. நீங்கள் சங்கரன்கோவிலுக்கு வேலைக்குப் போனபிறகு, அவன் உங்களைத் தேடி வந்தானா?

வந்தானா.

எப்போது? நான் சொன்னதை நம்பி நீங்கள் அவனுக்குக் கல்யாண வாழ்த்து அனுப்பினீர்களே, அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையா? அவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனான். எங்கே என்று நான் கேட்கவில்லை. என்ன சொன்னான்? எங்கேயும் பேசி முடிக்கவில்லை என்று சொன்னானா? நீங்கள் நம்பவில்லையா? ஏன்?

'சீனியக்கா கணக்கு தப்பாது, பொய் சொல்ல மாட்டாங்க' என்றா சொன்னீர்கள்?

அதற்கு அவன் என்ன சொன்னான்? 'அப்ப உங்க அக்கா பொய் சொன்னாங்களா' என்றும் கேட்டீர்களா? அவன்?

'அதை அக்காதான் சொல்லணும்' என்றானா. அவ்வளவுதானா? அக்கா பொய் சொன்னாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீங்கள் நம்பியிருப்பீர்களே.

சொல்லவில்லையா.

டீச்சர், நான் ஒன்றை விட்டுவிட்டுச் சொன்னேன். அவன் பேச்சை நிறுத்தினான் என்று சொன்னேன் அல்லவா? உங்கள் வாழ்த்து வந்த அன்றைக்கு அவன் கடையைப் பாதியில் மூடிவிட்டு வந்தான். நான் இந்த இடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆபீசிலிருந்து மாதிரிக்குக் கொடுத்த பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். "அமலி வாழ்த்து அனுப்பியிருக்கா. எனக்கு எந்த இடத்துலக்கா பேசி முடிச்சிருக்கே?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. நான் எண்பத்தாறில் இருந்தேன். எண்பத்தேழு என்றேன். எண்பத்தெட்டு என்றேன். அவன் நின்றுகொண்டே இருந்தான். நூற்றி நாற்பத்து நான்கு வரைக்கும் வாய்விட்டு எண்ணினேன். எண்ணி முடித்துவிட்டு அடுத்த கட்டை எடுத்தேன்.

"சரிக்கா. நீ சொல்ற அன்னிக்குப் பேசுவோம்" என்றான்.

அவன் கேட்டது ஒரு கேள்வி. நான் சொல்ல வேண்டியது ஒரு பதில். அவன் ஆயிரத்து ஐந்நூற்று இருபத்தோரு நாள் காத்துக்கொண்டிருந்தான். நான் அதை அவன் கணக்கில் எழுதி வைத்திருக்கிறேன்.

பேசி முடிக்கவில்லை டீச்சர். எங்கேயும் பேசவே இல்லை. ஒரு வீட்டுக்கும் போகவில்லை, ஒரு ஜாதகமும் வாங்கவில்லை. நான் சொன்னது பொய். நீங்கள் உள்ளே வந்துவிட்டால் என் பாயை எங்கே விரிப்பது என்று பயந்து சொன்னேன்.

கையை விடுங்கள். எனக்குப் பழக்கமில்லை. சரி, இருக்கட்டும், விட வேண்டாம்.

இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது பாருங்கள். எத்தனை வரி ஆயிற்றோ. நானே நிறுத்துகிறேன், இரண்டு பொத்தானை அமுக்க இரண்டு விரல்தானே. நின்றுவிட்டது. போனது இத்தனை, வந்தது பூஜ்யம் என்று அதுவே எழுதிவிட்டது. அவன் இங்கே இல்லை. அதைப் பார்த்துச் சொல்லத்தான் உங்களைக் கூப்பிட்டேன். பார்த்துவிட்டீர்கள்.

ஐயருக்குச் செய்கிறோம் என்று தாக்கல் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை காலை ஏழரை மணி. எங்கள் சித்தப்பா பேரன் வந்து தண்ணீர் விடுகிறான். சங்கரன்கோவிலில் ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடித்தால் சரியாக வந்துவிடலாம். பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிடுங்கள். பேரைச் சொல்லித் தண்ணீர் விடும்போது நீங்கள் முன்னால், என் பக்கத்தில் நிற்க வேண்டும். இவர்கள் யார், இறந்தவருக்கு என்ன உறவு என்று ஐயர் கேட்பார். கண்டிப்பாகக் கேட்பார்.

நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். நான் சொல்கிறேன்.